வேலூர் வெயிலுக்கு மரச்செதில் மூடாக்கு: வாங்குவதிலிருந்து பரப்புவது வரை

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பதினெட்டுக் கத்தரிச் செடி வைத்தேன். எல்லாம் இலவம்பாடி முள் கத்தரி, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ரகம். சித்திரை பிறப்பதற்குள் பதினொரு செடி மஞ்சளாகி நின்றுவிட்டது. வெயில்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வெயில் பாவம். செய்தது நான். ஒரு மரச்சாமான் பட்டறையில் ஏழு மூட்டை மரத்தூள் சும்மா கிடைத்தது என்று கொண்டுவந்து, மண்ணோடு சேர்த்துக் கொத்திவிட்டேன். அதில் பாதி பிளைவுட் அறுத்த தூள் என்பது பிறகுதான் தெரிந்தது. மீதியைச் சுவரோரம் குவித்து வைத்திருந்தேன். ஆனி மாதம் பின்கதவு நிலையில் கரையான்.

அடுத்த வருஷம் விசாரித்து, அலைந்து, தூளுக்குப் பதில் மரச்செதிலை மண்ணோடு கலக்காமல் மேலே போர்வை போலப் பரப்பினேன். இதற்குத்தான் மூடாக்கு என்று பெயர். அந்தக் கத்திரி வெயிலில் கத்தரி காய்த்தது. தினமும் விட்ட தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை விட்டால் போதும் என்றானது. நீங்கள் வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வீட்டோடு கொஞ்சம் மண் வைத்திருக்கிறவர் என்றால், நான் வீணாக்கிய அந்த ஒரு வருஷம் உங்களுக்கு வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் டேப்பை எடுங்கள்

எத்தனை மூட்டை வேண்டும் என்று தெரியாமல் மில்லுக்குப் போனால், அங்கே இருப்பவர் சொல்வதுதான் கணக்கு. பாத்தியின் நீளம், அகலம் இரண்டையும் அடியில் அளந்து பெருக்குங்கள். நடைபாதையைக் கழித்துவிடுங்கள். காய்கறிப் பாத்திக்கும் பூச்செடிக்கும் மூன்று அங்குல உயரம் போதும். நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு.

பத்துக்குப் பத்தடி பாத்திக்கு மூன்று அங்குலம் என்றால் 25 கன அடி. காலி சிமென்ட் மூட்டையில் ஏறக்குறைய 1.25 கன அடி பிடிக்கும். ஆக 20 மூட்டை. என் பாத்திகள் மொத்தம் 200 சதுர அடி, அதற்கு 40 மூட்டை. குட்டி யானை வண்டியின் தொட்டி ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடி அகலம். ஒன்றரை அடி உயரத்துக்குக் குவித்து வலை கட்டினால் 50 கன அடி வந்துவிடும். என் தோட்டத்துக்கு ஒரே நடை.

மொட்டைமாடித் தொட்டிகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஒரு அங்குலம் போட்டால் போதும், இரண்டு மூட்டையில் முடிந்துவிடும். ஈரம் ஏறிய செதில் கனமானது என்பதால் மாடியில் மொத்தமாகக் குவித்து வைக்காதீர்கள்.

2. தூள் வேறு, சீவல் வேறு, செதில் வேறு

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டினது போல. மரம் அறுக்கும்போது மாவாகக் கொட்டுவது மரத்தூள். இழைப்பு இயந்திரத்தில் சுருள் சுருளாக வருவது சீவல். கிளையை இயந்திரத்தில் கொடுத்தோ அரிவாளால் கொத்தியோ அரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை துண்டாக்கியது செதில். நமக்கு வேண்டியது மூன்றாவது. மில்லில் “செதில்” என்றால் பல இடத்தில் விழிக்கிறார்கள், “சிப்ஸ்” என்று கேளுங்கள். விறகுக்கடையில் “சிராய்” என்றால் உடனே புரியும்.

மரத்தூளை ஏன் ஒதுக்குகிறோம்? ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 300 முதல் 500 பங்கு வரை கரிமம் (கார்பன்) உள்ள பொருள் அது. மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் சௌகரியமாக வேலை செய்ய 25, 30 பங்கு கரிமத்துக்கே ஒரு பங்கு தழைச்சத்து தேவை. மண்ணோடு கலந்துவிட்டால் அந்தக் குறையை எங்கே ஈடுகட்டும்? செடிக்கு வைத்திருக்கும் மண்ணிலிருந்துதான் எடுக்கும். என் கத்தரியில் அடியிலைகள் முதலில் வெளுத்தது அதனால்தான். மேலே மட்டும் பரப்பினால் இந்தப் பிடுங்கல் மண்ணின் மேல்தோலோடு நின்றுவிடும், வேருக்கு எட்டாது. ஆனாலும் தூளை மேலே பரப்பவும் வேண்டாம். இரண்டு முறை நனைந்து காய்ந்தால் அப்பளம் போல இறுகி, தண்ணீரை உள்ளே விடாமல் வழித்து ஓரத்துக்கு அனுப்பிவிடும்.

செதிலிலும் தரம் உண்டு. கட்டைவிரல் பருமனுக்குள் இருக்கும் சின்னக் கிளைகளை இலையோடு சேர்த்துத் துண்டாக்கியது முதல் தரம். பட்டையிலும் இலையிலும்தான் சத்து இருக்கிறது. அடிமரத்தைத் துண்டாக்கியது மட்க நாளாகும். மரங்களில் என் ஓட்டு புங்கனுக்கு. தழையுரமாகக் கழனியில் மிதித்த மரம்தானே அது. தூங்குமூஞ்சி, வேம்பு, மா எல்லாம் நல்லவை. தைலமரம் கிடைத்தால் தள்ளிவிட வேண்டாம், ஆனால் பச்சையாகப் போடக் கூடாது. மூன்று நான்கு மாதம் ஆறட்டும். சீமைக் கருவேலம் கிடைக்காத இடமே இல்லை, செதிலாக்கினால் நன்றாகவே உழைக்கும். முள் ஒன்றுதான் தொல்லை. வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்கிற வீடு என்றால் யோசியுங்கள். சீமைக் கருவேலத்திலும் சவுண்டலிலும் (சூபாபுல்) காய் இருக்கும் காலத்தில் வெட்டிய கிளை வேண்டவே வேண்டாம். மூடாக்கே நாற்றங்காலாகிவிடும்.

கண்டிப்பாக ஒதுக்க வேண்டியவை: பிளைவுட், துகள் பலகை, எம்.டி.எஃப். பலகை (மூன்றிலும் பசை இருக்கிறது), பெயின்ட் அல்லது வார்னிஷ் அடித்த பழைய கதவு ஜன்னல், கரையான் மருந்து ஏற்றிய மரம். சரக்கு வரும் மரச்சட்டத்தை உடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சட்டத்தின் ஓரத்தில் அடித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் சூடு காட்டிப் பதப்படுத்தியது, பரவாயில்லை. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, தொடாதீர்கள்.

பரிசோதனை எளிது. ஒரு கை அள்ளி முகருங்கள். மர வாசம் வர வேண்டும். ஃபெவிகால் வாடையோ டர்பென்டைன் வாடையோ வந்தால் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நான் அன்றைக்கு முகர்ந்து பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

3. எங்கே கிடைக்கும்

மூன்று வழிகள். எனக்குக் கை கொடுத்த வரிசையில் சொல்கிறேன்.

மரம் வெட்டுகிற ஆட்கள் முதல் வழி. வீட்டு மரம் வெட்ட வருகிறவர்கள் பெரிய கட்டையை விறகுக்கு எடுத்துக்கொண்டு, சுள்ளியையும் இலையையும் தெருமுனையில் தள்ளிவிட்டுப் போவார்கள். நமக்கு வேண்டியதே அந்தச் சுள்ளிதான். உங்கள் தெரு மேஸ்திரியிடமோ இளநீர்க் கடைக்காரரிடமோ நம்பர் கேட்டு, “சுள்ளியை எனக்குக் கொண்டுவந்து போடுங்கள், வண்டிக்கூலி தருகிறேன்” என்று சொல்லிவையுங்கள். அதைத் துண்டாக்கத்தான் வழி வேண்டும். காட்பாடி தாண்டி ஒரு பண்ணைக்காரர் மட்டை நறுக்கும் ஷ்ரெட்டர் வைத்திருக்கிறார். மணிக்கு 500 ரூபாய் வாங்கினார். அவர் சொல்லித் தெரிந்துகொண்டது: கிளை பச்சையாக இருக்கும்போதே அரைக்க வேண்டும், ஒரு வாரம் காயவிட்டால் பிளேடும் போகும், நேரமும் இரண்டு மடங்காகும். சின்னத் தோட்டத்துக்கு அரிவாளும் ஒரு கட்டையும் போதும், தினம் அரைமணி கொத்தினால் பத்து நாளில் ஆறேழு மூட்டை சேரும். தோள்பட்டை பேசும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. “நாளை மின்தடை” என்று பேப்பரில் ஊர்ப் பெயர்களோடு செய்தி வருகிறதே, அந்த நாளில் கம்பியை உரசும் கிளைகளைக் கழிப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தத் தெருப் பக்கம் போனால் குவியல் கிடக்கும். வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எடுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே தருகிறார்கள். மறுநாள் விட்டுவிட்டால் குப்பை வண்டி கொண்டுபோய்விடும், இல்லையென்றால் யாராவது கொளுத்திவிடுவார்கள்.

மூன்றாவது மரம் அறுக்கும் மில்லும் விறகுக்கடையும். மில்லில் கூச்சப்பட வேண்டியதில்லை. நான் போன மில்லில் மேற்பார்வை பார்த்தவர், “இன்னாத்துக்கு சார் இது? செடிக்கா? பாய்லருக்குத்தான் வாங்கினு போவாங்க” என்று ஆச்சரியப்பட்டார். பாய்லருக்குப் போவதால் தூளுக்கு விலை உண்டு, செதிலையும் பட்டையையும் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். விறகுக்கடையில் கட்டை பிளக்கும் இடத்தைச் சுற்றிச் சிராயும் பட்டையும் கணுக்கால் அளவு கிடக்கும்.

நர்சரியில் அழகான பையில் விற்கும் பைன் மரப்பட்டை வராந்தாத் தொட்டிக்குச் சரி. அதை வைத்து 200 சதுர அடியை மூடப் பார்த்தால் கத்தரிக்காயைத் தங்க விலைக்குத்தான் விற்க வேண்டும்.

4. தாள் விஷயம்

செடிக்கு மூடாக்குப் போடத் தாள் எதற்கு என்று நானும் கேட்டவன்தான். வழியில் வண்டியை நிறுத்தி “இது எந்த மரம், எங்கே வெட்டியது” என்று கேட்டால், குட்டி யானை ஓட்டுகிறவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

மில்லில் வாங்கினால் பில் கேளுங்கள். “மரச்செதில், இத்தனை மூட்டை, தேதி” இருந்தால் போதும். துண்டுச்சீட்டு தருவார்கள், மில்லின் முத்திரை போட்டுக் கேளுங்கள். தனியார் மனையில் வெட்டிய மரத்தின் கிளை என்றால், மனைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாளில் மரத்தின் பெயர், முகவரி, தேதி எழுதிக் கையெழுத்து வாங்கி, சொத்துவரி ரசீதின் நகல் ஒன்றையும் சேர்த்துப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையோர மரம் உங்கள் வீட்டு வாசலிலேயே நின்றாலும் உங்களுடையது இல்லை. பொது இடத்து மரத்தை வெட்டுவதற்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். “செதிலுக்காக ஒரு கிளைதானே” என்று ஆள் வைத்து வெட்டாதீர்கள். ஏற்கெனவே வெட்டிப்போட்ட கிளைகளை முறைப்படி கேட்டு வாங்க நினைத்து நான் ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்து மூன்று வாரம் நடந்தேன். முதல் தடவை தெருப் பெயரும் வார்டு எண்ணும் எழுதவில்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை வரி ரசீது நகல் இல்லை என்றார்கள். நீங்கள் முதல் தடவையே பெயர், முகவரி, வார்டு எண், போன் நம்பர், எந்தத் தெருக் கிளை, எதற்காக என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஆதார் நகலும் வரி ரசீது நகலும் இணைத்து, இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சந்தனம், செம்மரம், ஈட்டி இந்த மூன்றையும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. உங்கள் சொந்த மனையில் தானாக முளைத்த சந்தனமாக இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் வெட்டக் கூடாது. வாங்கிய குவியலில் அந்த வாசம் வந்தால் சந்தோஷப்படாமல் கொடுத்தவரிடமே திருப்பிவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே வாயால் சொன்னால் போதாது, வாட்ஸாப்பில் ஒரு வரி எழுதிச் சம்மதம் வாங்குங்கள். பிறகு நிலைக்கதவில் கரையான் வந்தால் பழி யார் மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

5. செலவு

நான் 200 சதுர அடிக்குக் கொடுத்தது இது:

செதில் ஒரு லோடு – 1,200 ரூபாய்
குட்டி யானை, பத்து கிலோமீட்டருக்குள் – 800
ஏற்றி இறக்க இரண்டு ஆள் – 600
மட்கிய சாண எரு நான்கு மூட்டை – 400
வேப்பம்புண்ணாக்கு – 120

மொத்தம் 3,120 ரூபாய். சதுர அடிக்குப் பதினைந்து, பதினாறு ரூபாய். கவனித்துப் பாருங்கள், மரத்தை விட வண்டிக்கும் ஆளுக்கும்தான் அதிகம் போயிருக்கிறது. அதனால் அக்கம்பக்கத்தில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு ஒரே லோடாக எடுங்கள். சும்மா கிடைக்கிறது என்று பாதி வண்டிக்கு முழு வாடகை கொடுப்பதில் லாபம் இல்லை. இறக்கும் இடத்தையும் முன்பே பேசிவிடுங்கள். “கேட் வரைக்கும்தான்” என்று வண்டிக்காரர் சொன்னதால் எனக்குக் கடைசி நேரத்தில் 200 ரூபாய் பேரம் நடந்தது.

6. ஆறவிடுங்கள்

பச்சைச் செதிலை வந்த அன்றே செடியடியில் போடாதீர்கள். நிழலில், சுவரிலிருந்து குறைந்தது நாலடி தள்ளி, இடுப்பளவு உயரத்துக்குக் குவித்து நன்றாக நனையுங்கள். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டால் சுடும். பயப்பட வேண்டாம், நுண்ணுயிர்கள் அடுப்புப் பற்றவைத்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஜீவாமிர்தம் (சாணக் கரைசல்) கரைக்கிறவர் என்றால் ஒரு பக்கெட் ஊற்றலாம். இரண்டு மாதத்தில் நிறம் காப்பித்தூள் போலக் கறுக்கும், வெள்ளை நூல் போலப் பூஞ்சை படரும். அது நல்ல அறிகுறி.

கிளறும்போது ஷூவும் கையுறையும் கட்டாயம், மண்வெட்டியால் கிளறுங்கள். மலையடிவாரத் தெருக்களில் தேளும் பூரானும் விரியனும் இந்த மாதிரிக் குவியலைத் தேடி வரும். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். பக்கத்தில் தென்னை இருந்தால் விட்டுவைக்காமல் பொறுக்கிவிடுங்கள். எங்கள் தெருக் கோழிகள் அந்த வேலையை எனக்கு மிச்சம் வைப்பதில்லை.

7. எப்போது, எப்படி

காலம்: தை கடைசியில் தொடங்கி மாசிக்குள். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணடியில் இன்னும் மிச்சம் இருக்கும், வெயில் ஏறத் தொடங்கியிருக்காது. அப்படியானால் குவியலைக் கார்த்திகையிலேயே சேர்த்துவிட வேண்டும். நான் முதல் வருஷம் பங்குனியில் அவசரப்பட்டுக் காய்ந்த மண்ணில் போட்டதும் ஒரு தப்புதான். மூடாக்கு இருக்கும் ஈரத்தைக் காக்கும், இல்லாத ஈரத்தைக் கொண்டுவராது. காய்ந்த தரையை மூடினால் உள்ளே காய்ந்தபடியே கிடக்கும்.

முதல் இரண்டு நாள் தண்ணீர் கட்டி மண்ணை அரை அடி ஆழம் நனையுங்கள். களையைப் பிடுங்கிவிடுங்கள். கோரை இருந்தால் செதில் மட்டும் போதாது. பழைய அட்டைப்பெட்டியை, டேப்பையும் ஸ்டேபிளையும் எடுத்துவிட்டு நனைத்துப் பரப்பி அதன்மேல் போடுங்கள். அதையும் துளைத்து ஒன்றிரண்டு வரும், கோரைக்கு அவ்வளவு பிடிவாதம். மட்கிய எருவை முதலில் தூவுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் எருவுக்கு மேல், செதிலுக்குக் கீழ் போகட்டும். ஒவ்வொரு துளையிலும் சொட்டுகிறதா என்று மூடுவதற்கு முன்பே பாருங்கள்.

அப்புறம் செதில். மூன்று அங்குலம், மா, கொய்யா, எலுமிச்சை மாதிரி மரங்களுக்கு நான்கு. தண்டைத் தொடக் கூடாது. கத்தரி, மிளகாய், வெண்டைக்கு நான்கு விரல் இடைவெளி. மரங்களுக்கு அடிமரத்தைச் சுற்றி அரை அடி வெற்றிடம். எரிமலை போலத் தண்டைச் சுற்றிக் குவித்தால் பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும். முருங்கைக்கு இதில் இன்னும் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள்.

விதைத்து முளைக்கவைக்கும் அரைக்கீரை, கொத்தமல்லி, வெந்தயப் பாத்திகளுக்குச் செதில் வேண்டாம். நாற்று நட்டுப் பத்து நாள் கழித்து, வேர் பிடித்த பிறகே காய்கறிக்கும் போடுங்கள்.

8. கரையான்

இந்த ஊரில் மூடாக்கு என்ற பேச்சை எடுத்தாலே முதலில் வரும் பயம் இதுதான், நியாயமான பயமும்கூட. நம் செம்மண் கரையானுக்குப் பிடித்த மண். ஆனால் அது எங்கிருந்தோ செதிலைத் தேடி வரவில்லை, ஏற்கெனவே உங்கள் மண்ணடியில் இருக்கிறது. அதற்குப் பாலம் கட்டிக் கொடுக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடிக்குச் செதிலே போடாதீர்கள். அந்தப் பட்டையில் ஜல்லி போட்டுவிட்டால் இன்னும் நல்லது, சுவரில் மண்கோடு ஏறுகிறதா என்று தூரத்திலிருந்தே தெரியும். செதிலை எக்காரணம் கொண்டும் மண்ணுக்குள் புதைக்காதீர்கள். தடித்த கட்டைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வேப்பம்புண்ணாக்கை 100 சதுர அடிக்கு ஒரு கிலோ வீதம் எருவோடு சேர்த்துத் தூவுங்கள். மரங்களின் அடித்தண்டில் இரண்டடி உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் பட்டைமேல் மண்பூச்சு எழும்பும்போது பளிச்சென்று தெரியும். கண்டால் துடைப்பத்தால் தட்டிவிட்டுத் தண்ணீர் பீய்ச்சுங்கள்.

வாரம் ஒருநாள் காலையில் சுவர், நிலை, கழிவுநீர்க் குழாய் ஏறும் இடம் மூன்றையும் ஒரு பார்வை பார்ப்பேன். ஐந்து நிமிஷ வேலை. செதிலில் கரையான் மேய்ந்தால் அதற்காகப் பதற வேண்டாம், அது செத்த மரத்தைத்தான் மண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. மூடாக்கு முழுக்கக் காய்ந்து, அதற்கு வேறு ஈரம் இல்லாதபோதுதான் செடித்தண்டில் வாய் வைக்கிறது. அதனால் கத்திரி வெயிலில் வாரம் ஒருமுறை மூடாக்கின் மேலும் லேசாகத் தெளியுங்கள். நிலைக்கதவு வரை வந்துவிட்டால் மட்டும் வேப்பம்புண்ணாக்கை நம்பிக் காத்திருக்காமல் கரையான் மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். நான் காத்திருந்தேன், புது நிலைக்கு ஆசாரி கேட்ட தொகை இந்த மொத்தத் தோட்டச் செலவையும் தாண்டியது.

9. போட்ட பிறகு தண்ணீரும் உரமும்

தண்ணீர் விடும் பழைய பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். மேலே செதில் காய்ந்து தெரியும், கை தானாக ஹோஸைத் தேடும். செதிலை விலக்கி மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விடுங்கள். ஈரம் ஒட்டினால் திரும்பிப் போய்விடுங்கள். விடும்போது நின்று நிதானமாக விட வேண்டும், மேலோட்டமாகத் தெளித்தால் செதில்தான் குடிக்கும், வேர் குடிக்காது. கோடையில் சிலுசிலுவென்று ஒரு தூறல் போட்டால் அதையும் மழைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு கூடுதல் நன்மை. வெயிலில் நீர் ஆவியாகும்போதுதான் உப்பு மேலே வந்து வெள்ளையாகப் படிகிறது. ஆவியாவது குறைந்தால் படிவதும் குறையும். எங்கள் வீட்டு மல்லிகைப் பாத்தியில் அந்த வெள்ளைப் படலம் இரண்டு கோடையாக வரவில்லை.

இலை வெளுத்தால், அதுவும் அடியிலையில் தொடங்கினால், ஒரு கிலோ கடலைப்புண்ணாக்கைப் பத்து லிட்டர் தண்ணீரில் நாலு நாள் ஊறவைத்து, ஒரு மக்குக்குப் பத்து மக்குத் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். செதிலை விலக்கி மண்ணில் ஊற்ற வேண்டும். நாற்றம் அடிக்கும், மாலையில் ஊற்றாதீர்கள், பக்கத்து வீட்டில் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

மஞ்சளாக நுரை கக்கினது போல ஏதாவது படர்ந்தால் அது பூசணம் போலத் தெரியும் வேறொரு நுண்ணுயிர், ஒன்றும் செய்யாது, வாரி எறிந்தால் போதும். காளான் முளைக்கும். சாப்பிடாதீர்கள், குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. மழைக்காலமும் தீபாவளியும்

ஐப்பசி மழைக்கு முன் காய்கறிப் பாத்தியில் செதிலை ஒன்றரை அங்குலத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். வெயிலிலும் கரையானிலும் அதற்குள் தானாகவே பாதியாகியிருக்கும் என்பதால் பெரிய வேலை இல்லை. தண்ணீர் தேங்கும் பாத்தி என்றால் மொத்தமாக நடைபாதைக்குத் தள்ளுங்கள், சேறு மிதிக்காமல் நடக்கலாம். நத்தையும் மரவட்டையும் இந்த மாதங்களில்தான் கூடும். இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்கினால் ஒரு வாரத்தில் அடங்கும். வருஷாவருஷம் தை மாதம் முதல் தடவை போட்டதில் பாதியளவு மேலே சேர்த்தால் போதும், அரை லோடு.

தீபாவளி சமயம் மழை இல்லாமல் செதில் காய்ந்து கிடந்தால், முந்தின நாள் சாயங்காலம் ஹோஸ் போட்டு மேலே நன்றாக நனைத்துவிடுங்கள். போன தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பையன் விட்ட ராக்கெட் நேராக எங்கள் எலுமிச்சை மரத்தடியில் வந்து விழுந்தது. ஈரமாக இருந்ததால் இரண்டு அடி புகைந்து அணைந்தது. கார்த்திகை தீபத்துக்கு அகலைப் பாத்தி ஓரத்தில் வைக்காமல் திண்ணையில் வையுங்கள்.